ஓர வரிசைகள்

இன்று காலை மிளகு பறிக்க வந்தவர்கள் மூங்கில் ஏணியைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். பச்சை மிளகு வாசம் வீட்டுக்குள் வந்தது. இந்த ஏணியை வைத்துத்தானே என்னிடம் சண்டை போட்டீர்கள்.

கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து எழுதினோமே ஒரு கம்ப்யூட்டர் நிரல், மிளகு இலைப் படத்தைப் பார்த்து வாடல் நோயைச் சொல்வதற்கு. ஒரு படத்துக்கு நாற்பது நொடி எடுத்தது. வரிசை வரிசையாக எண்கள் நிறைந்த பெரிய அணிகளைப் பெருக்குவதிலேயே நேரமெல்லாம் போயிற்று. பெருக்குவதைவிட, அதே எண்களை நினைவகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து வருவதுதான் தாமதம். வேறு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றேன். உங்களுக்கு வந்ததே கோபம்!

"ஏணியை ஒரு மரத்துல சாத்துனா எட்டுற மிளகெல்லாம் பறிச்சுட்டுத்தான எறங்குவோம்? கொத்துக்கு ஒருக்கா மரம் மாத்துவியா, சாமி?"

அணிகளைச் சிறு கட்டங்களாக வெட்டினீர்கள். எடுத்து வந்த கட்டத்தில் ஆகவேண்டிய வேலையெல்லாம் முடிந்த பிறகே அடுத்த கட்டம். நாற்பது நொடி மூன்றானது. அடுப்படியிலிருந்து என்னை இழுத்து வந்து காட்டினீர்கள். விடை தப்பு! அறுபத்துநான்கு அறுபத்துநான்காக வெட்டியதில் மிஞ்சிய ஓர வரிசைகளை விட்டுவிட்டீர்கள்.

"வேகமாத் தப்புப் பண்றதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமாங்க?" என்று சிரித்தேன்.

"ஓரத்தை நாளைக்குப் பாத்துக்கறேன், போ."

மறுநாள் நெஞ்சுவலி. நொடிகளுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட உங்களை ஏற்றிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று மலையிறங்கியது. பாதி வழியில் என் கையைப் பிடித்து, "அந்த ஓரம்... நீ பாத்துரு சாமி" என்றீர்கள். பயத்தில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கம்ப்யூட்டரும் ஆச்சு, கருமமும் ஆச்சு! பேசாமப் படுங்க!" என்று கத்தினேன். பேசாமல் படுத்தீர்கள். பிறகு நீங்கள் பேசவேயில்லை.

எட்டு மாதமாக அந்த நிரலின் கோப்பைத் திறக்க மனசு வரவில்லை. இன்று திறந்தேன். "ஓரம், நாளைக்கு" என்று குறித்து வைத்திருந்தீர்கள். அதற்குக் கீழே பதினோரு வரி எழுதினேன். அதே மூன்று நொடி. விடை சரி.

"ஏனுங்க, இங்க வாங்க!" என்று என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன்.

"கூப்பிட்டீங்களா, அக்கா?" என்று ஏணி மேலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

உங்கள் குறிப்பை அழிக்கவில்லை. அன்றைக்கு ஆம்புலன்ஸில் "சரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஓரத்தைப் பாத்துட்டனுங்க.