ஓடையின் பாதிவரை வந்த பாலம்

என் தங்கமான அம்மாவுக்கு,

நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. நம் சின்னவள் ஜாஸ்மின் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன்னைப் போலவே வாய். ஓடைக்கு அக்கரையிலுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் இன்றும் போகிறாள்.

நேரில் சொல்லத் தைரியம் வராத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஓடையின் குறுக்கே கிடக்கும் தென்னந்தடிக்குப் பதிலாக ஒரு பாலம் வேண்டுமென்று நீ சொல்லச் சொல்ல எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதினேனே, அதைப் பற்றி.

"எழுது மக்கா. ஓட்டு கேக்க வந்தப்பம் இந்தத் தடியில நீரு காலே வைக்கேல்ல. இக்கரையில நின்னு கும்பிட்டுட்டுப் போனீரு. எனக்க பிள்ளைகளு மட்டும் அதுல நடக்கணுமோ? அப்பிடியே எழுது" என்பாய்.

எனக்குப் பயம். 'தங்கள் மேலான கருணையை வேண்டி' என்று எழுதினேன். நீ வாசிக்கச் சொன்னபோது, எழுதியதை விட்டுவிட்டு நீ சொன்னதையே ஒப்பித்தேன். நீ சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தாய். மூன்று மனு போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. என்னால்தானா அம்மா?

மழையில் தடி மூழ்கி மூழ்கித்தான் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். போன ஜூனில், இடவப்பாதி மழையில், ஜாஸ்மின் அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். "அடுத்த மழைக்கு முன்ன இவளையும் நிறுத்திரலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதனால் நம் கேரளத்து எம்.எல்.ஏ.வுக்கு நானே எழுதினேன், மலையாளத்தில், உன் வார்த்தை ஒன்றையும் விடாமல். உதியன்குளங்கரையில் எம்.எல்.ஏ. மனு வாங்கிய அன்று வரிசையில் நின்றேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஆரு சொல்லித் தந்தது மோளே?"

"அம்மை."

"அம்மையையும் கூட்டிட்டு வரண்டாமா? நேருல ரெண்டு ஏச்சு கேட்டிருப்பேனே" என்று சிரித்தார். நீ இல்லை என்பதைச் சொல்லாமலே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் மாதம் ஆட்கள் வந்தார்கள் அம்மா. ஓடை நடுவில் ஒரு தூண் எழுப்பி, அதுவரைக்கும் கான்கிரீட் போட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டால் மேஸ்திரி, "தூணுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடாக்கும் கொச்சே. நம்ம எம்.எல்.ஏ.க்கு அங்க என்ன காரியம்?" என்கிறார்.

நடு ஓடையில் எல்லை என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் அக்கரைக்கும் ஒரு எம்.எல்.ஏ. உண்டு, அவருக்கும் எழுத வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லையே.

"பாதி மனுவுக்குப் பாதிப் பாலம்" என்று பக்கத்து வீட்டுத் தங்கையன் மாமா கேலி செய்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்தான். எழுதுவதால் பயன் உண்டா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அப்பா மட்டும் நேற்று அந்தத் தூண் வரை நடந்துபோய், காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மத்தவருக்கும் ஒண்ணு எழுது. மழை வாறதுவரை அவ பள்ளிக்கூடம் போவட்டும்."

மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அக்கரை எம்.எல்.ஏ. மனு வாங்குவது செவ்வாய்க்கிழமைகளில்; இந்தச் செவ்வாய் அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் இல்லையென்றால் அடுத்த செவ்வாயும் போவேன். ஜாஸ்மின் எட்டாம் வகுப்பைத் தாண்டுவாள் அம்மா. அதுவரைக்கும் என்னை அவர் அலுவலக வாசலில் எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

உன் மூத்த மகள்,
ரோஸ்லி