மழை விட்டதும் எடுக்க வேண்டிய வரி

திரையில் நீ எழுதிய ஒரே ஒரு வரியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை, தாராவியில், பட்டறைகளுக்கு மெயில் வசதி செய்து கொடுக்க நாம் இருவரும் தொடங்கிய அலுவலகத்தின் இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்து செல்லையா அண்ணாச்சி என் எதிரே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோல்பைப் பட்டறையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகவேண்டிய மெயில் நம் சர்வரிலேயே முடங்கிக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். "எப்பா, போச்சா?" என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நம் சர்வர் மெயிலை நேரே அனுப்பாது, வெளியே உள்ள பெரிய சர்வரிடம் கொடுத்துத்தான் அனுப்பும். அதன் பெயரைத் தேடிப் பார்த்தால் சரியான முகவரி வருகிறது. மெயில் மட்டும் நேற்றோடு ஆள் காலி செய்துவிட்டுப் போன பழைய முகவரியைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். இன்டர்நெட் லைன்காரனிடம் ஹிந்தியில் கத்தினேன். பதினொன்றரைக்குத்தான், பெயர்களுக்கு முகவரி எழுதி வைக்கும் சின்னக் கோப்பு ஒன்று சர்வரில் இருப்பது நினைவு வந்து, அதைத் திறந்தேன். பெரிய சர்வரின் பெயருக்கு நேரே அந்தப் பழைய முகவரியைக் கையாலேயே எழுதி, அதைத்தான் சர்வர் முதலில் பார்க்க வேண்டும் என்றும் வைத்திருந்தாய். தமிழ் எழுத வராதவன் நீ, பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் குறிப்பு வேறு: "மழை விட்டதும் எடுக்கணும்."

போன வருட மழையில் லைன் இருக்கும், பெயரைத் தேடினால் மட்டும் பதில் வராது. "ஏல, தேடுனாத்தானே பிரச்சினை? நேரா சொல்லிக் குடுத்துருவோம்" என்றாய். "இந்த ஒப்பேத்துற ஜுகாட் வேலையெல்லாம் ஒருநாள் நம்மளையே கடிக்கும்" என்று திட்டினேன். நீ எழுதியே விட்டாய் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மெயில் என்னவோ போனது. மழை விடும் முன்னே காய்ச்சலில் நீ கண்ணை மூடிவிட்டாய்.

வரியை அழித்தேன். முடங்கிக் கிடந்ததெல்லாம் மடமடவென்று போனது. அண்ணாச்சியின் மெயிலும் போனது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எல்லாம் அவன் வச்ச வேலை அண்ணாச்சி. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றேன்.

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்லாம போற பய இல்லயேப்பா அவன்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசினாயே, இருமலுக்கு நடுவே. "ஏல, சர்வர்ல ஒரு வரி..." என்று ஆரம்பித்தாய். "அத இப்ப யாரு கேட்டா? பேசாம படு, வந்து சொல்லு" என்று போனை வைத்துவிட்டேன். உன்மேல் உள்ள அக்கறையில் வைத்ததாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அக்கறையே இல்லை. மாட்டுங்காவில் வாடிக்கையாளர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார், எனக்கு அவசரம்.

இதை அண்ணாச்சியிடம் சொல்ல வாயெடுத்தேன். திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

நீ சொல்லத்தான் வந்தாய். நான்தான் கேட்கவில்லை. முதலில் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. சாயங்காலம் அவர் பட்டறை வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.