நரைத்த பம்பரைக் கறுப்பாக்கிய நாள்

நானா,

இன்று காலை அந்தப் போத்தலின் மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்தது போன்ற வாசம் மூக்கில் ஏறியது. நீங்கள் போன பிறகு காரின் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு நான் தனியாக மருந்து பூசுவது இதுதான் முதல் தடவை. மருந்து என்பது உங்கள் சொல். கடைக்காரர் சொன்ன நீண்ட பெயரை நாங்கள் இருவருமே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு முன் பம்பரின் ஓரத்தில் தேய்த்தேன். சாம்பல் நிறம் கறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தேன்.

எங்கள் முந்தல் ஊரில் வாகனம் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இந்தத் தலையிடி உண்டு. களப்புப் பக்கத்திலிருந்து உப்புக்காற்று அடிக்கிறது. சுற்றிவரத் தென்னங்காணி, நிழலுக்குக் குறைவில்லை. ஆனால் தேங்காய் விழுந்து கூரை நெளிந்துவிடும் என்ற பயத்தில் எல்லோரும் வாகனத்தை வெட்டவெளி வெயிலில்தான் விடுகிறோம். பம்பரும் கண்ணாடி உறையும் கதவுப் பட்டியும் சில வருடங்களில் நரைத்துப் போகின்றன. வெயில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை எப்படி உடைக்கிறது என்று ஒருநாள் உங்களுக்கு விளங்கப்படுத்தினேன். நான் இரசாயனம் படிப்பிப்பவன் அல்லவா. முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப வெயிலுக்கு எதிரா ஒரு பெட்டிசம் போடுவம் மாஸ்டர்" என்றீர்கள்.

மேலிடத்துக்கு எழுதிப் பெட்டிசம் போடுவது என் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். நான் பிறகொரு காலத்தில் சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். ஒரே வேலியின் இரு பக்கத்தில் குடியேறினோம். நீங்கள் வாடகைக்கு வான் வண்டி ஓடினீர்கள். நான் பாடசாலைக்குப் போய்வந்தேன். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் உங்களை நானா என்றேன். எனக்குப் பின்னால் நியமனம் பெற்றவர் எனக்கு மேலே அதிபராக வந்ததையும், என் இடமாற்றத்தை மறித்த கல்விக் கந்தோர்க்காரரையும் பற்றி வேலிக்கு மேலால் நான் உங்களுக்குச் சொல்லாத நாளில்லை. நீங்கள் ஒருநாளும் ஆறுதல் சொன்னதில்லை. "உங்களுக்கு ஞாபகசக்தி கூட மாஸ்டர். வேற வருத்தம் ஒண்டும் இல்ல" என்பீர்கள்.

நரைத்த பிளாஸ்டிக்கில் நாங்கள் இருவரும் செய்த பைத்தியக்காரத்தனங்கள் கொஞ்சமல்ல. நான் தேங்காய் எண்ணெய் பூசினேன். ஒரு மணித்தியாலம் கண்ணாடி போல மின்னியது. பிறகு ஒழுங்கையின் மணல் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டு நாய் வந்து பம்பரை நக்கியது. "மாஸ்டர், கொஞ்சம் சம்பலும் வச்சா பாணோட சாப்பிட்டிரும்" என்று வேலிக்கு அப்பால் நின்று சொன்னீர்கள். தலவில அன்னம்மாள் கோயிலின் அடுத்த திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிப்போகையில் உங்கள் முறை. சப்பாத்துக்குப் பூசும் கறுப்புப் பொலிஷை வானின் பக்கப் பட்டி முழுவதும் தேய்த்துக்கொண்டு போனீர்கள். சிலாபத்து அம்மா ஒருவர் வெள்ளைச் சேலையோடு அதில் சாய்ந்து நின்றிருக்கிறார். "அன்னம்மாளிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வீட்ட போவன்" என்று அவர் கோயிலுக்குள் போனதை நீங்கள் நடித்துக் காட்டியபோது என் மனைவிக்குச் சிரிப்பில் புரையேறியது.

என் தங்கச்சியின் கதையும் உங்களுக்குத் தெரியும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் பாதை மூடியிருந்தபோது சாவகச்சேரியில் அம்மா செத்துப்போனார். நான் ஒரே மகன். பயணப் பாஸ் எடுக்க நான் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருக்க, தங்கச்சியின் புருஷன் கொள்ளி வைத்து எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்பது என் வழக்கு. பாதை திறந்த பிறகும் நான் அவள் வீட்டுப் படலையை மிதிக்கவில்லை. அவள் போன் எடுத்தால் என் மனைவிதான் பேசுவாள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவளுடைய மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான். அழைப்பு வந்த அன்று நீங்கள் எங்கள் முற்றத்தில் நின்றீர்கள்.

"எப்ப வெளிக்கிடுறீங்க மாஸ்டர்?"

"இந்தக் காரிலையோ? பம்பரைப் பாருங்கோ, கிழவன்ர தலை மாதிரிக் கிடக்கு. இதைக் கொண்டுபோய்ச் சபைக்கு முன்னால நிப்பாட்டச் சொல்லுறீங்களோ?"

நீங்கள் என்னோடு வாதாடுவீர்கள், தங்கச்சி அல்லவா என்பீர்கள் என்று பார்த்தேன். பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன். நீங்கள் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தீர்கள். கதவுப் பட்டியை விரலால் தடவி விரலைப் பார்த்தீர்கள்.

"கதை சரிதான். இதுல போகப்படாது" என்றீர்கள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை காலையில் வாளி, தும்புத் தூரிகை, பழைய பனியன், புத்தளத்தில் வாங்கிய அந்தப் போத்தல் எல்லாவற்றோடும் வந்து நின்றீர்கள். என்னைக் கேட்கவில்லை. தூரிகையை என் கையில் தந்தீர்கள். முந்தி பூசிய எண்ணெயின் பிசுக்குப் போகும்வரை சவர்க்கார நீரால் உரஞ்சினோம். வைப்பருக்குக் கீழே உள்ள தட்டின் இடுக்குகளை நான் பழைய பற்தூரிகையால் துப்புரவாக்கினேன். நன்றாகக் காயாமல் பூசினால் திட்டுத்திட்டாக வரும் என்று போத்தலில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். உங்கள் வானை நிழல் விழும்படி கிழக்குப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். முதலில் பம்பரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் பூசிப் பார்த்தோம். பிறகு மெல்லியதாக ஒரு பூச்சு. ஊறவிட்டு, மிச்சத்தைப் பனியனால் துடைத்து, மறுபடி ஒரு பூச்சு.

"மினுங்கவே இல்லையே, நானா."

"மினுங்கப்படாது மாஸ்டர். மினுங்கினா எண்ணெய். கறுத்தா மருந்து."

இடையில் உங்கள் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், பிள்ளையிடம் தேத்தண்ணி கொடுத்துவிட்டார். வெயில் ஏறியபோது வானை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினீர்கள். வேலை முடிய, பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. கறுப்புக் கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும், கார் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கியது போல நின்றது. நீங்கள் கைகளைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"வேற என்ன குறை இரிக்கி? சொல்லுங்க மாஸ்டர், இன்னும் வெளிச்சம் இரிக்கி."

டயர் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். டயரைப் போன மாதம்தான் மாற்றியிருந்தேன். மாற்றும்போது நீங்களும் கூட நின்றீர்கள். திண்ணைச் சுவரில் சாய்ந்து நின்ற என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் இல்லை" என்றேன்.

"அப்ப பாதை தூரம், வெள்ளன வெளிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனீர்கள்.

போனோம், நானா. படலைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தேன். தங்கச்சி பந்தலுக்குள்ளிருந்து வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு நரைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "அண்ணா, காரை உள்ளுக்க விடுங்கோ. வெயிலுக்க நிக்குது" என்றாள். அவள் வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பேன். காரை உள்ளே விட்டேன். தாய்மாமன் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். பொழுது சாய்ந்து ஆட்கள் குறைந்த பிறகு பக்கத்தில் வந்து நின்று, "அம்மாவை வைச்சிருக்க வழியிருக்கேல்லை அண்ணா. ஷெல் விழுந்துகொண்டிருந்தது" என்றாள். நான் பந்தலில் கதிரைகளை அடுக்கப் போய்விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அம்மாவின் திவசத்தை அந்த வீட்டில் நானே செய்கிறேன். கொள்ளி வைக்காத கை எள்ளும் தண்ணீரும் இறைக்கிறது. இதற்கு உங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இருவரும் பம்பருக்கு மருந்து பூசுவோம், அதோடு விட்டுவிட்டேன்.

அதிபரையும் கந்தோர்க்காரரையும் நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நீங்கள் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்க வேண்டும்.

இந்த வருடத் திவசத்தன்று நான் ஐயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது உங்கள் மூத்த மகன் போன் எடுத்தார். விடியப்புறம் நெஞ்சுக்குள் நோவு என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டதாம். நான் புத்தளத்தைத் தாண்டும்போதே உங்களை அடக்கியாயிற்று என்று சொன்னார்கள். வாசலில் உங்கள் மகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் வரும்வரைக்கும் அடக்கத்தப் பிந்துவமா எண்டு பள்ளிவாசல்ல கேட்டன். ஏலாதெண்டுட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"பிந்தக் கூடாது தம்பி. நீங்கள் செய்ததுதான் சரி" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. வாசலில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ராத்தா பிற ஆண்களைக் காணாமல் இத்தாவில் இருப்பதால் என் மனைவி மட்டும் உள்ளே போய் வந்தாள். திரும்பி வேலியோரம் நடக்கும்போது, ராத்தா சொன்னதைச் சொன்னாள். பம்பரைக் கழுவிய அன்று நீங்கள் வீட்டுக்குப் போய் இப்படிச் சொன்னீர்களாம்: "மாஸ்டருக்குத் தங்கச்சியப் பாக்க ஆசை இரிக்கி. ஆசை இல்லாத ஆள் போகமாட்டன் எண்டு சொல்லும். இவரு காரைத்தானே குறை சொன்னாரு."

அன்று மாலையே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். என் மனைவியிடம் கொடுக்காமல் நானே பேசினேன். "அம்மாவை எனக்காக வைச்சிருக்காமல் எடுத்தது சரிதான் பிள்ளை" என்றேன். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு, "அந்த நானா உங்களுக்கு என்ன சொன்னவர் அண்ணா?" என்று கேட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

உண்மைதானே, நானா. இத்தனை வருடத்தில் அதைப்பற்றி நீங்கள் என்னிடம் வாய் திறந்ததில்லை. எனக்குப் போக ஆசை இருக்கிறது என்று எனக்கு முன்பே ஒரு மனிதர் நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் இனி இருக்கப் போகிறேன்.