நோம்பி சாட்டியாச்சு

ஏப்ரல் 26, ஞாயிறு

காலை ஒன்பதுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். வாடகை வீடு, சிங்காநல்லூர். ஹீட்டரில் எர்த் சரியில்லை, நானே மாற்றினேன். எனக்கும் நித்யாவுக்கும் கல்யாணமாகி ஆறு வாரம். பரிசுப் பெட்டிகள் பாதி இன்னும் பிரிக்காமல். வந்த சுவர்க் கடிகாரம் மட்டும் நான்கு!

வால்பாறை பிளான் ரெடி. மே முதல் வாரம். கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர், மனைவிகளோடு. வண்டி நான் ஓட்டுவது. கிளம்பும் நேரம், சாப்பிடும் இடம் எல்லாம் எக்ஸெல்லில். ரூம் போட்டாயிற்று. நித்யாவிடம் காட்டினேன். "சரிங்க" என்றாள். வேலை சுலபம்.

செவ்வாய்க்கிழமை காங்கேயம் பக்கம் அவள் ஊரில் விருந்தாம். வார நாளில் என்ன விருந்து? லீவு சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

விருந்து பலம். பொழுது சாயும்போது மாரியம்மன் கோயில் பக்கம் மேளம்; திருவிழா அறிவிக்கிறார்களாம். சாவியை எடுத்தேன். அத்தை வாசலில் மறித்தார்.

"மாப்ள, நோம்பி சாட்டிப்போட்டாங்க. சாட்டறப்ப ஊருக்குள்ள இருந்த பொண்ணு, நோம்பி முடியற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாதுங்க. பகல்ல எங்க வேணா போலாம், பொழுதோட இங்க வந்தரோணும்."

"எப்ப முடியும்?"

"பதினஞ்சு நாளாகுமுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, நீங்க போலாம்."

"வால்பாறை?"

மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து: "மலை எங்கீங்க மாப்ள ஓடிப்போவுது?"

நித்யா உள்ளே போய்விட்டாள். தனியாக வண்டியில் திரும்பினேன். சூலூர் வரை திட்டிக்கொண்டே.

ஏப்ரல் 29, புதன்

குக்கருக்கு எந்த மூடி என்று தெரியவில்லை. தயிர்சாதம். நண்பனிடம் சொன்னால் சிரிக்கிறான்: "மாரியாத்தாள சேக்கலையாடா உன்னோட எக்ஸெல்ல?"

சாயங்காலம் அவளுக்குப் போன். அத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு நாள் வந்திருப்போமே என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு:

"அம்மா ஞாயித்துக்கிழமைதானுங்க வரச்சொன்னாங்க. செவ்வாக்கிழமைன்னு மாத்துனது நானுங்க. அன்னிக்குச் சாட்டறாங்கன்னு தெரிஞ்சுதான்."

போனை வைத்துவிட்டேன். நின்ற இடத்திலேயே நின்றேன். நித்யாவா?

ஏப்ரல் 30, வியாழன்

கம்பெனியில் பம்ப் டெஸ்டிங்கில் ரீடிங் தப்பாக எழுதினேன். எனக்கு இது நடப்பதே இல்லை. பாதியில் பர்மிஷன் போட்டு நேராக அவள் ஊர். தண்ணித் தொட்டி பக்கம் நின்றிருந்தாள். ஏன் என்றேன்.

"மலையேறுனா வாந்திங்க எனக்கு. நாலு வளைவு தாங்க மாட்டேன். உங்க சிநேகிதருங்க முன்னாடி, அவங்க ஊட்டுக்காரிங்க முன்னாடி…"

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ரூம் போட்டாச்சுன்னுதானுங்க வந்து சொன்னீங்க. சாமின்னா நீங்க ஒண்ணும் பேசமாட்டீங்கன்னு பாத்தேன்."

ஒரே வீடு, ஆறு வாரம். என்னிடம் வேண்டாம் என்று சொல்வதைவிட மாரியம்மனைக் கூட்டு சேர்ப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இன்னும் ஜீரணமாகவில்லை.

அவள் எதிரிலேயே ரூமை கேன்சல் செய்தேன். பிறகு, கல்யாணமாகி முதல்முறையாகக் கேட்டேன்: "சரி, வால்பாறைக்குப் போட்ட லீவுல என்ன பண்ணலாம், உனக்கு எது பிடிக்கும்? நீ சொல்லு."

முகம் வெளிறிப்போனது. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ஏனுங்க… ரொம்பக் கோவமுங்களா?"