மிஸ்ஸியிடம் கொடுத்த போத்தல்

மேல்கணக்கு,
ஸ்பிரிங்வெளி, பதுளை.
16.8.1997, சனி

அன்புள்ள மச்சானுக்கு விசாலாட்சி எழுதிக்கொள்வது.

நானும் மகள் விதுர்ஷாவும் இருக்கோம். கொழும்புக் கடைச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துவருதா?

கிளினிக் கார்டுல எழுதியிருக்கிற சொல்லுக்கெல்லாம் அர்த்தம் கேட்டிருந்தீங்க. பொண்டாட்டி ஏழாம் வகுப்புதானேன்னு பரீட்சை வைக்கிறீங்களாக்கும்! மருத்துவிச்சி மிஸ்ஸிகிட்ட ஒண்ணுவிடாம கேட்டு வச்சிருக்கேன், படிச்சுக்கோங்க.

பிரஷர் என்றால் ரத்தம் குழாய்க்குள்ள ஓடும்போது அமுக்குற அமுக்கு. எனக்கு 140க்கு 90. மாசமா இருக்கிறவளுக்கு அது கூடவாம். இடிமா என்றால் வீக்கம். என் காலை விரலால அமுக்கினா குழி விழுந்து அப்படியே நிக்குது. கால் வீங்கினா பொம்பளப் புள்ளதான்னு பக்கத்துக் காம்பரா கருப்பம்மாக்கா சொல்றா. மிஸ்ஸி அதுக்குச் சிரிக்கவே இல்லை.

அல்புமின் என்றால் உடம்புல தங்க வேண்டிய சத்து மூத்திரத்தோட வெளிய போறது. மிஸ்ஸி குழாயில ஊத்தி நெருப்புல காட்டுவாங்க. தெளிவா இருந்தா நல்லது. திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா வந்தா அல்புமின். பிரஷரும் அதுவும் சேர்ந்துட்டா அன்னைக்கே பதுளை வார்டுல படுக்க வச்சிருவாங்களாம். பிள்ளை பெத்துத்தான் வெளிய வரலாமாம்.

பிள்ளை பெற எனக்கு இன்னும் ஏழு கிழமை, ஒன்றரை மாசத்துக்கு மேல கிடக்கு மச்சான். விதுர்ஷாவைப் பகல்ல தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுரலாம். ராத்திரிக்கு? உங்க தங்கச்சி லோகேஸ்வரி தூங்கினா லயமே இடிஞ்சு விழுந்தாலும் எழும்ப மாட்டா. அதனால ஒரு வேலை செஞ்சிட்டேன். ஏசாதீங்க. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நான் கொடுத்த போத்தலில் இருந்தது லோகேஸ்வரியோடது. எதுக்குன்னு அவகிட்ட நான் சொல்லவும் இல்லை.

தெளிவாத்தான் வந்துச்சு. மிஸ்ஸிக்கு அவ்வளவு சந்தோசம். உப்பைக் குறைச்சுக்கிட்டுப் படுத்திரு, பதினஞ்சு நாள்ல வான்னு அனுப்பிவிட்டாங்க. நல்ல மனுசியை ஏமாத்திட்டேனேன்னு மனசு போட்டு அடிச்சுக்குது.

கார்டுக்கு அடியில எக்ளாம்சியான்னு இன்னொண்ணு அச்சடிச்சிருக்கு. மாசமா இருக்கிறவளுக்கு வலிப்பு வர்றதாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வர்றதுக்கு முன்னாடி எப்படித் தெரியும்னு கேட்டேன். விடாத தலையிடி, நெஞ்சுக்குழியில வலி, கண்ணுல பூச்சி பறக்கிறது, இதெல்லாம் வரும்னாங்க. உனக்குத்தான் அல்புமின் இல்லையே, நீ எதுக்குப் பயப்படுறேன்னு முதுகுல தட்டிக் கொடுத்தாங்க.

வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் தலையிடி. கருப்பம்மாக்கா கொத்தமல்லி அவிச்சுத் தந்தா, கேட்கலை. நேத்து நெஞ்சுக்குழியில வலி. வாய்வா இருக்கும்னு பெருங்காயம் கரைச்சுக் குடிச்சேன். இப்ப எழுதுற வரிக்கு மேல பொட்டுப் பொட்டா வெளிச்சம் பறக்குது. எழுத்து கோணிப் போயிருந்தா கோவிச்சுக்காதீங்க.

பயமா இருக்கு மச்சான். ஆனா மிஸ்ஸி முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. இது கைக்குக் கிடைச்ச உடனே நீங்க வேலை செய்ற கடை அலவி முதலாளிகிட்ட கேட்டு, கடைப் போன்ல நம்ம தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பேசுங்க. போத்தல் மாறிப்போச்சுன்னு நீங்க சொன்னா மிஸ்ஸி ஏச மாட்டாங்க. நாளைக்கு ஞாயிறு, திங்கட்கிழமைதான் தபால் போகும். புதனோ வியாழனோ உங்களுக்கு வந்துரும். அதுவரைக்கும் நான் அசையாமப் படுத்திருக்கேன்.

இன்னொரு விசயம். விதுர்ஷாவுக்குக் குளிர் நாள்ல இளைப்பு வரும். வந்தா படுக்கப் போடக் கூடாது. நிமிர்த்தி உங்க தோள்ல சாச்சுக்கிட்டு முதுகைத் தடவணும். சுடுதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கணும். அம்மா எங்கேன்னு அழுதா, அதட்டாதீங்க. அதட்டினா இளைப்புக் கூடிரும்.

கதிர்காமத்தான் உங்களைக் கண்போலக் காக்கட்டும்.

உங்கள்
விசாலாட்சி