தவழ்கிற பிள்ளைக்கு ஏற்ற ஹீட்டர்

வளப்பூர் நாடு,
25.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வனிதா எழுதுகிறேன். நானும் நம் பிள்ளை இளமதியும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேச ஆரம்பித்தால் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். எழுதினால் முழுசாகக் கேட்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பிரசவ லீவு முடிந்து நான் மறுபடி வேலையில் சேர்ந்தபோது மழைதான் இருந்தது. இப்போது குளிர் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸுக்கென்று கொடுத்திருக்கும் இந்த அறையில் வெயில் படுவதே இல்லை. சுவரைத் தொட்டால் ஈரம். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும் இளமதியின் கை கால் ஜில்லென்று இருக்கிறது. நான் டியூட்டிக்குப் போகும்போது அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாள், "ஏனுங்கம்மா, கரி போட்டு ஒரு சட்டி வெச்சுக்கலாமுங்க, எங்க ஊட்டுல அப்படித்தானுங்க" என்கிறார். மூடின அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம், அந்தப் புகை உயிரை எடுத்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

அறையைச் சூடாக்க ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கி அனுப்புங்கள் மாமா. எது நல்லது என்று விசாரித்து நாமக்கல் வரைக்கும் பஸ்ஸில் போட்டால், மலைமேல் கொண்டுவர நான் ஆள் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை தவழ்கிறாள், எதைக் கண்டாலும் கை நீட்டுகிறாள். அதை மட்டும் மனதில் வைத்துப் பாருங்கள்.

உங்கள்
வனிதா

*

திருப்பூர்,
3.12.2024

அன்பு வனிதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி, அதனால்தான் தாமதம். அம்மாவுக்கு வலி அப்படியே இருக்கிறது. பேத்தி ஞாபகமாகவே இருக்கிறார்.

கடைகளில் விசாரித்தேன். கம்பி சிவந்து எரிகிற ஹீட்டர் சீக்கிரம் சூடாகும், ஆனால் குழந்தை கை வைத்துவிடுவாள், துணி பட்டால் பற்றிக்கொள்ளும். காற்றை ஊதுகிற மாதிரி ஒன்று இருக்கிறது. சத்தம் அதிகம், காற்றை வறள வைத்துவிடும், குழந்தைக்கு இருமல் வரும் என்கிறார்கள். உள்ளே எண்ணெய் அடைத்த ஹீட்டர் என்று இன்னொன்று. பெரிய சாமான், கரண்ட்டை இழுக்கும். உன் அறையில் இருக்கிற பழைய ஒயரிங் அதைத் தாங்காது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஹீட்டர் வைத்து வளர்க்கிற அளவுக்குக் குளிர்கிற இடத்தில் குழந்தை எதற்கு? உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. அவளை இங்கே விட்டுவிட்டுப் போ. சனி ஞாயிறு வந்து பார்த்துக்கொள். யோசித்துப் பதில் எழுது.

ஈஸ்வரமூர்த்தி

*

வளப்பூர் நாடு,
9.12.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு ஹீட்டரிலும் என்ன குறை என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வாங்கலாம் என்று எழுதவே இல்லை.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். குளிர் தாங்காமல் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவேன் என்று காத்திருக்கிறீர்களா?

அவள் இன்னும் என்னிடம் பால் குடிக்கிறாள். சனி ஞாயிறு லீவு என்பது கம்பெனியில் இருப்பவர்களுக்கு. இங்கே இருப்பது நாங்கள் ரெண்டே நர்ஸ். ஒப்பந்த வேலையில் எத்தனை வருஷம் அலைந்து இந்த நிரந்தர வேலை வந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாறுதல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். கிடைக்கும் வரைக்கும் என் பிள்ளை என்னோடுதான் இருப்பாள்.

எண்ணெய் ஹீட்டரையே அனுப்புங்கள். ஒயரிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். பனி நாளுக்கு நாள் கூடுகிறது மாமா. தயவுசெய்து.

வனிதா

*

வளப்பூர் நாடு,
21.12.2024

மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனிலும் "பாக்கலாம்" என்ற ஒரு வார்த்தைதான். இப்போது நான் எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இளமதி நன்றாக இருக்கிறாள்.

புதன்கிழமை காலையிலிருந்து வெயிலே இல்லை. தூறலும் காற்றுமாக இருந்தது. பிள்ளை உதடு நடுங்குவதைப் பார்த்துத் தாங்க முடியாமல் ஆயம்மாள் கரிச்சட்டியை உள்ளே வைத்துவிட்டார். காற்று அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தியிருக்கிறார்.

மத்தியானம் பால் கொடுக்க வந்தேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அந்த வெக்கை அடித்தது. ஆயம்மாள் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தார். பிள்ளை அவர் மடியில் துவண்டு கிடந்தாள். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். நான் போட்ட சத்தத்தில் டாக்டரும் வார்டில் இருந்தவர்களும் ஓடிவந்து ஆயம்மாளை இழுத்து வெளியே கிடத்தினார்கள். தூறலில் நின்று பிள்ளையின் முதுகைத் தேய்த்தேன். வாந்தி எடுத்தாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது, பிறந்த அன்றைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

ரெண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்து மறுநாள் வரை படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டார். ஆயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள நடுங்குதேன்னு வெச்சேனுங்க சாமி, கொல்லப் பாத்துட்டேனே" என்று அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை நடுங்குகிறாளே என்று அவர் ஏதோ ஒன்றைச் செய்தார். நீங்களும் நானும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே போன் செய்யவில்லை. செய்திருந்தால் அத்தையும் நீங்களும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். அவள் கண் திறக்காமல் கிடந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பயம் இருந்தது. நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று பாருங்கள்.

வனிதா

*

திருப்பூர்,
26.12.2024

வனிதா,

கடிதத்தைப் படித்தேன். என் குழந்தை மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்ததை நான் தபாலில் தெரிந்துகொள்கிறேன். நீயும் ஒரு நர்ஸ்!

அம்மா சாப்பிடவில்லை. இனிமேல் பேச ஒன்றும் இல்லை. லீவு கிடைத்ததும் வந்து இளமதியைக் கூட்டிப் போகிறேன். அவளுடைய துணிமணியை எடுத்து வை.

ஈஸ்வரமூர்த்தி

*

வளப்பூர் நாடு,
2.1.2025

மாமாவுக்கு,

துணிமணியை எடுத்து வைக்கவில்லை.

ஹீட்டரை நானே வாங்கிவிட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நாமக்கல் போனேன். கடைக்காரர், "ஊட்டுக்காரர் வரலீங்களா?" என்றார். "வேலையா இருக்காருங்க" என்றேன். மூன்று வகையையும் போட்டுக் காட்டச் சொன்னேன். நீங்கள் எழுதியது எல்லாமே சரி. சிவப்புக் கம்பியைப் பார்த்ததும் இளமதி அதன் மேலேயே பாய்ந்தாள். ஊதுகிறதைப் போட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்ணெய் ஹீட்டரில் நெருப்பும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. மெதுவாகத்தான் சூடேறுகிறது, ஆனால் அணைத்த பிறகும் வெகு நேரம் கதகதப்பு நிற்கிறது. சாய்ந்தால் தானாக நின்றுவிடும். அதன் மேல்புறமும் தொட்டால் சுடும், அதனால் சுற்றிலும் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறேன்.

செம்மேட்டு எலக்ட்ரீஷியன் செங்கோடன் வந்து, பழைய ஒயரைத் தொடாமல், மெயினிலிருந்து தனி லைன் இழுத்துப் பெரிய பிளக் போட்டுக் கொடுத்தார். ஆயம்மாள் துணி காயப்போட அதன் மேல் விரிக்கப் பார்த்தார். அதெல்லாம் கூடாது என்றதும், "இதுக்கும் ஆவாதுங்களா?" என்று சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நீங்கள் அப்பா. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், வந்து தங்குங்கள். ஆனால் அவளைத் தூக்கிப் போக மட்டும் வராதீர்கள். அப்படி ஒரு நாள் நான் டியூட்டி முடிந்து வந்து வெறும் அறையைப் பார்த்தேன் என்றால், அதற்கப்புறம் உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருக்காது.

வனிதா

*

வளப்பூர் நாடு,
உன் அறையிலிருந்து,
12.1.2025

வனிதா,

நீ பிரசவ அறையில் இருக்கிறாய், வர நேரமாகும் என்று ஆயம்மாள் சொன்னார். அதனால் இதை எழுதுகிறேன்.

மறைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகத்தான் வந்தேன். கம்பெனி டிரைவர் தனபால் காரை எடுத்துக்கொண்டு வந்தான். நீ இல்லாத நேரமாக அமைந்தது நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். இளமதி முதலில் என்னைப் பார்த்து அழுதாள், அப்புறம் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

ஆயம்மாள் தடுக்கவில்லை. கூடவே வந்து, "பால் குடுக்க அம்மா ஓடியாருவாங்க. வந்து, புள்ள எங்கீன்னு கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

என்ன சொல்லச் சொல்வது என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன் வனிதா. நீ மூச்சிரைக்க இந்த வாசலில் வந்து நிற்பதை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனபால் பார்த்தபடி நின்றான். குளிர்காற்றில் பிள்ளை என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். உள்ளே திரும்பி வந்துவிட்டேன்.

தனபாலை அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், அழுகிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ போகச் சொன்னால் நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். இருக்கச் சொன்னால் லீவு சொல்ல வேண்டும்.

பிள்ளை என் மடியில்தான் தூங்குகிறாள். அறை சூடாகத்தான் இருக்கிறது. நல்லதாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை ஆயம்மாள் கையில் பிரசவ அறைக்கே கொடுத்தனுப்புகிறேன். நீ வரும்போது வாசலில் என் செருப்பைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இளமதி இங்கேதான் இருக்கிறாள்.

ஈஸ்வரமூர்த்தி