செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவள்

இன்று காலை சிங்கப்பெருமாள் கோவில் பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. ஆட்டோக் கம்பியைப் பிடிப்பதற்குள் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. "இன்னாம்மா, செருப்பு அறுந்துபோச்சா?" என்றார் டிரைவர். சிரிப்பு வந்துவிட்டது. இது உன் வேலை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன், சொல்லடி?

தொண்ணூற்றொன்றில் தண்டலம் பக்கத்து ரப்பர் கம்பெனியில் நீயும் நானும் ஒரே லைன். நாள் முழுக்க நின்றபடி வாஷருக்கு ஓரம் நறுக்க வேண்டும். காதில் ஏதோ கோளாறு வந்து எனக்குத் தலை சுற்றத் தொடங்கியபோது, "நிக்க முடியலன்னா வூட்லயே இரும்மா" என்றார் சூப்பர்வைசர். ஒரு வாரம் தவணை கொடுத்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. நான் அழுதேன், நீ சிரித்தாய்.

"பூமி சுத்திக்கினே கீதுன்னு வாத்தியார் சொன்னாரு, எனக்கு ஒரு நாளும் தெரியல. உனக்குத் தெரியுதே, பெரிய ஆளுடி நீ!"

பூமியைப் பற்றி உனக்கு எப்போதும் சந்தேகம்தான். அடிப்பக்கத்து ஊர்க்காரர்கள் தலைகீழாக நின்று சோறு தின்பார்களா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டவள் நீ. நான் அழுத அன்று சாயங்காலம் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து, நின்ற இடத்திலேயே தொப்பென்று குதித்தாய். கண்டக்டர் கத்தினார்.

"பஸ்ஸு இவ்ளோ வேகமா போவுது, நான் அதே எடத்துலதானே வுழுந்தேன்? பஸ்ஸே என்னை வுடல, பூமியா உன்னை வுட்டுடும்?"

மறுநாள் ஷெட் வாசலிலேயே என் செருப்பைக் கழற்ற வைத்தாய். "குதிகால அழுத்து. கீழ பாக்காத. ஜன்னல்ல தெரியிற பனமரத்தப் பாரு." உன் தோளை என் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாய். ஓரம் கோணலாகத்தான் நறுக்கினேன், ஆனால் நின்றேன். வாரக் கடைசியில் சூப்பர்வைசர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த லைனுக்குப் போனார். அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். நன்றி என்று சொன்னால் ஷெட் முழுக்கச் சொல்லிக் கிண்டல் செய்வாய் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிய அன்று, ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு பிடி மண் போடச் சொன்னார்கள். குனிந்தேன், எல்லாம் சுற்றியது. ஒட்டி நிற்க உன் தோள் இல்லை. செருப்பைக் கழற்றினேன், குதிகாலை அழுத்தினேன், மதிலுக்கு அப்பால் ஒரு பனைமரம் தெரிந்தது. யார் கையையும் பிடிக்காமல் நின்று மண் போட்டேன்.

இன்று காலையிலும் அப்படித்தான் நின்றேன். நீ சொன்னபடி பூமி என்னை விடவில்லையடி. உன்னையும் அது விடாது.